முன்பாரமா, பின்பாரமா: வால்காட் எடைமேடையில் எங்கள் கேம்பர்

வால்காட் எடைமேடைக்கு மூன்று தடவை போய் ஆறு எடைச்சீட்டு வாங்கியிருக்கிறோம். மொத்தம் ஏறத்தாழ 60 டாலர் ஆனது. கேம்பருக்காக, அதாவது பிக்கப்பின் பின்னால் இழுத்துப்போகும் படுக்கை வசதியுள்ள டிரெய்லருக்காக, இதுவரை செய்த செலவுகளில் இதுதான் சின்னது, அதிகம் பயன்பட்டதும் இதுதான். பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்கும் யாராக இருந்தாலும், வாங்கிய முதல் மாதத்திலேயே கேட் ஸ்கேல் என்ற லாரி எடைமேடையில் ஒரு தடவை ஏறி இறங்கிவிடுங்கள். ஏன் என்று எங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன். எங்கள் எண்கள் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, கணக்குப் போடும் முறை பொருந்தும்.

நாங்கள் இருப்பது அயோவா மாநிலத்தில், மிசிசிப்பிக் கரையோரம் பெட்டன்டார்ஃபில். நான் மருந்தாளுநர். வீட்டுக்காரர் அக்கரையில் மோலைனில் வேலை பார்க்கிறார். பையனுக்கு 13 வயது, பெண்ணுக்கு 9. வண்டி அரை டன் என்று சொல்லும் இலகு வகைப் பிக்கப், நான்கு கதவு. டிரெய்லர் 24 அடி நீளம், இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு). டிரெய்லர் மாட்டிவிட்டால் ஓட்டுவது பெரும்பாலும் நான்தான்.

டிரெய்லரை விற்றவர் எங்களிடம் ஒரே ஒரு எண்ணைத்தான் பேசினார். "உங்க பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும், இந்த டிரெய்லர் காலியாக 4,750தான், பாதிகூட இல்லை" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் பிக்கப்பின் கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. அந்த 11,000 என்பது, ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் தலா 150 பவுண்டு என்று வைத்துக்கொண்டு, பின்தொட்டியில் சாமான் எதுவும் இல்லாமல் போடுகிற கணக்கு. நான்கு பேர் ஏறி, ஐஸ்பெட்டியும் கருவிப்பெட்டியும் ஏற்றிய குடும்பத்துக்கு அந்த எண்ணால் பெரிய உபயோகம் கிடையாது.

பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கிறது. மஞ்சளும் வெள்ளையுமான சின்ன ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். எங்கள் வண்டியில் அது 1,512. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் வண்டிக்கு வண்டி இது மாறும். மேல்கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரம் என்று வசதி கூடக்கூட இந்த எண் குறையும். அந்த 1,512க்குள் நாங்கள் நால்வர், பின்தொட்டிச் சாமான், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்பு, அப்புறம் டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை அழுத்துகிற எடை, எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கடைசிச் சங்கதியை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் பயணம் பேக்போன் மாநிலப் பூங்காவுக்கு. 1920ல் திறந்தது, அயோவாவின் முதல் மாநிலப் பூங்கா. ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே போய், அயோவா சிட்டி பக்கத்தில் ஐ-380 பிடித்து வடக்கே திரும்ப வேண்டும். திரும்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு இறக்கத்தில் 65 மைல் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். இடப்பக்கமாக ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. அது தள்ளிய காற்று முதலில் டிரெய்லரின் பின்பக்கத்தை வலப்பக்கம் ஒதுக்கியது. லாரி முன்னே போனதும் டிரெய்லர் இடப்பக்கம் வந்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. மறுபடி வலம், மறுபடி இடம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக. யாரோ வண்டியின் வாலைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. ஸ்டீயரிங் என் கையில் இருந்தும் வண்டி என் கையில் இல்லை.

டிரெய்லர் ஓட்டச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஆட ஆரம்பித்தால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து ஆட்டத்தை அடக்கப் பார்க்காதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, டிரெய்லர் பிரேக்குக்கு மட்டும் தனியாக இருக்கும் நெம்பைக் கையால் மெதுவாக அழுத்து. அதைத்தான் செய்தேன். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்ததும் அது பின்னாலிருந்து இழுபட்டு நேரானது. நான்கைந்து ஆட்டத்தில் முடிந்துவிட்டது. பின் இருக்கையில் பெண் அழவில்லை, முன் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீதி வழி முழுக்க 50 மைல் வேகத்தில் போனோம், அப்படியேதான் திரும்பினோம்.

அன்றிரவு சங்ககிரிக்குப் போன் பண்ணினேன். அப்பா அங்கே 34 வருடம் லாரி ஓட்டியவர். தாத்தா மாட்டுவண்டியில் கடலைக்காய் மூட்டை ஏற்றியவர். நடந்ததை முழுசாகச் சொல்லவிடவில்லை அப்பா.

"அம்மிணி, பாரம் முன்னால இருக்குதா பின்னால இருக்குதா?"

"தெரியலைங்கப்பா. எல்லாம் உள்ளதான் இருக்குது."

"வண்டில பின்பாரம் ஆயிருச்சுன்னா நுகத்தடி மேல தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்த இறுக்கும், மாடு நேரா நடக்காது. முன்பாரம் ரொம்ப ஆனாலும் மாடு தாங்காது, முட்டி போட்டுரும். கொஞ்சம் முன்பாரமா இருக்கோணும். எடை போட்டுப் பாத்தியா?"

போடவில்லை. மருந்துக்கடையில் மில்லிகிராம் கணக்குப் பார்க்கிறவள், ஐந்தாயிரம் பவுண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும்போது எடை பார்க்கவில்லை.

அப்பா சொன்ன முன்பாரத்துக்கு இந்த ஊரில் டங் வெயிட் என்று பெயர். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மீது செங்குத்தாக அழுத்தும் எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கும் அளவு. 10க்குக் கீழே போனால் பின்பாரம், ஆட்டம். 15க்கு மேலே போனால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும். ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லருக்கு அளவு வேறு. அதன் பாரம் பின்தொட்டியின் நடுவே, பின் ஆக்சிலுக்கு மேலேயே உட்காருவதால் இன்னும் அதிகம் வைக்கலாம். எங்களுடையது சாதாரணமாக ஹிட்ச்சின் இரும்புப் பந்தில் மாட்டுகிற வகை.

இனி எடைமேடையைப் பற்றி. ஊரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் வால்காட், ஐ-80ல் 284ம் எண் வெளிவழி. உலகின் மிகப்பெரிய லாரி நிறுத்தம் என்று பெயர் எடுத்த அயோவா 80 அங்கேதான் இருக்கிறது. 1964ல் ஆரம்பித்தது. கேட் ஸ்கேல் கம்பெனியின் தலைமையகமும் அதே வால்காட்தான், 1977ல் தொடங்கியது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,000க்கும் மேற்பட்ட லாரி நிறுத்தங்களில் இவர்களின் மேடை இருக்கிறது. பெரிய லாரிக்காரர்களுக்காக வந்த சேவை என்பதால் சீட்டுக்கு ஒரு உத்தரவாதமும் உண்டு. எடை சட்டத்துக்குள் இருக்கிறது என்று இவர்கள் சீட்டுக் கொடுத்த பிறகும் அதிக எடைக்கு அபராதம் விழுந்தால், மேடையைச் சோதித்துப் பார்த்து, தவறு தங்கள் பக்கம் என்றால் அபராதத்தைக் கட்டுவார்கள். கேம்பர்காரர்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் அப்படிப் பணத்தை வைத்துச் சொல்லும் எடை என்பதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை.

போடுவது சுலபம். மேடை ஒரே பலகை கிடையாது, தனித்தனியாக எடை காட்டும் துண்டுகள் வரிசையாக இருக்கும். பிக்கப்பின் முன்சக்கரம் முதல் துண்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே கோடு தெரியும். முதல் தடவை வீட்டுக்காரர் கீழே இறங்கி நின்று கை காட்டினார். நின்றதும் ஏறி உட்கார்ந்துகொண்டார், அவருடைய எடையும் வர வேண்டுமே. இன்டர்காம் பொத்தானை அழுத்தி, முதல் எடை, சொந்த வண்டி என்று சொன்னால் போதும். பொத்தான் லாரி ஓட்டுநரின் உயரத்துக்கு வைத்தது, பிக்கப்பிலிருந்து எட்டிக் கை நீட்டினேன். பிறகு வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு உள்ளே போனால் கல்லாவில் அச்சிட்ட சீட்டு தருவார்கள். அடுத்தடுத்த தடவைகளில் போனில் இருக்கும் வெய் மை டிரக் ஆப் வழியாகவே பணம் கட்டி, சீட்டை அதிலேயே வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்தது. முதல் எடைக்கு 15 டாலர் அளவில் ஆகும். 24 மணி நேரத்துக்குள் மறுபடி போட்டால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேடை பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவர்களின் இடம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள், கூட்டம் குறைவு. மேடை மேலேயே நின்றுகொண்டு சீட்டைப் படிக்காதீர்கள், பின்னால் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. எங்களுக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர் நாங்கள் தடுமாறியபோது ஹாரன் அடிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இன்னும் ஒரு அடி முன்னே போ என்று சைகை காட்டினார்.

முதல் நாள் இரண்டு எடை போட்டோம். பேக்போனுக்கு ஏற்றிய சாமான் அத்தனையும் அப்படியே, நால்வரும் உள்ளே. டிரெய்லர் மாட்டி, ஸ்பிரிங் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒன்று. பிறகு டிரெய்லரை நிறுத்துமிடத்தில் கழற்றி வைத்துவிட்டு, பிக்கப் மட்டும் ஒன்று. ஸ்பிரிங் கம்பி என்று நான் சொல்வது எடை பகிரும் ஹிட்ச்சின் இரண்டு கம்பிகளை. அவை பூட்டியிருந்தால் பாரத்தில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளிவிடும். அதனால் முன்பாரத்தின் உண்மையான அளவு வேண்டுமென்றால் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

டிரெய்லரோடு போட்டபோது முன் ஆக்சில் 3,080, பின் ஆக்சில் 3,500, டிரெய்லர் ஆக்சில்கள் 5,440, ஆக மொத்தம் 12,020 பவுண்டு. பிக்கப் மட்டும் நின்றபோது முன்னே 3,280, பின்னே 2,880, மொத்தம் 6,160.

நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பிக்கப்புக்கு அனுமதித்த மொத்த எடை 6,800, டிரெய்லரோடு 6,580தான் வந்திருக்கிறது. பின் ஆக்சிலுக்கு அனுமதி 3,800, வந்தது 3,500. டிரெய்லருக்கு அனுமதி 6,300, அதுவும் தாண்டவில்லை. வீட்டுக்காரர் நிம்மதியாகச் சீட்டை மடித்தார். எல்லாம் வரம்புக்குள். அப்படியானால் ஏன் ஆடியது?

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அதே சீட்டில்தான் இருந்தது. 6,580லிருந்து 6,160ஐக் கழித்தால் 420. அதுதான் முன்பாரம். அதை டிரெய்லர் ஆக்சிலின் 5,440உடன் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை 5,860. அதில் 420 என்பது 7 சதவீதம். பின்பாரத்தை வாலில் கட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் 65ல் இறங்கியிருக்கிறோம். எந்த வரம்பையும் தாண்டாமலேயே ஒரு வண்டி ஆபத்தாக இருக்க முடியும் என்பதை நான் இந்தச் சீட்டு வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். வரம்பு சொல்வது இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதை. பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தனிச் சங்கதி.

வீட்டுக்கு வந்து டிரெய்லரைத் திறந்து பார்த்தபோது எல்லாம் பின்னால்தான் இருந்தது. பிள்ளைகளின் அடுக்குப் படுக்கை பின்பக்கம், அதற்குக் கீழே பெரிய பெட்டி. கையருகே இருக்கிறதே என்று மளிகை முழுவதையும் அதில் திணித்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால். 40 காலன் நிரப்பியிருந்தோம், காலனுக்கு 8.3 பவுண்டுக்கு மேல், ஆக 330 பவுண்டுக்கும் அதிகம். பின் பம்பரில் சைக்கிள் தாங்கியும் நான்கு சைக்கிளும், 160 பவுண்டு. அது ஆக்சிலிலிருந்து பதினோரு அடி பின்னால் தொங்கியது. மெல்லிய இரும்புக் குழாய் பம்பர் அது. அதில் அத்தனை பாரம் தொங்கவிட்டதே தனித் தப்பு.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கராஜில் போனது. குளியலறைத் தராசை சிமெண்டுத் தரையில் வைத்து ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தோம். பையன் எடையைச் சொல்ல, பெண் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினாள். அரிசி 20. சாய்த்து ஊற்றும் கிரைண்டர் 25. தோசைக்கல் 8. பருப்பு, புளி, எண்ணெய் இருந்த பெட்டி 31. தராசில் நிற்காத பெட்டியை வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஏறி, தன் எடையைக் கழித்துக்கொண்டார். மாவு அரைத்தே கொண்டுபோகலாம் என்று முடிவாகி கிரைண்டர் வீட்டில் நின்றது. அதன் இடத்தை வேறு சாமான் பிடித்துக்கொண்டது என்பதால் எடைக் கணக்கு பெரிதாக மாறவில்லை. பின்பெட்டியில் இருந்ததில் நூறு பவுண்டு வரை முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டிக்கு வந்தது. தண்ணீரில் 10 காலன் வைத்துக்கொண்டு மீதியைத் திறந்துவிட்டோம், போகிற இடத்தில் குழாய் இருக்கிறது. பெரியவர்கள் சைக்கிள் இரண்டும் தாங்கியும் வீட்டில். பிள்ளைகளின் சைக்கிள் இரண்டும் பிக்கப்பின் பின்தொட்டியில், 50 பவுண்டு.

முன்பாரத்தை வீட்டிலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு, அதையும் செய்தோம். தடித்த மரச்சட்டம் ஒன்று. ஒரு முனை செங்கல் மேல், மறு முனை குளியலறைத் தராசு மேல், சட்டம் மட்டமாக இருக்க வேண்டும். செங்கலிலிருந்து 1 அடி, தராசிலிருந்து 2 அடி தள்ளி டிரெய்லரின் மூக்கை இறக்கினால், தராசு காட்டுவது மூன்றில் ஒரு பங்கு. 218 காட்டியது. மூன்றால் பெருக்கினால் 654. டிரெய்லர் உருளாமல் இருக்கச் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை வைக்காமல் இதைச் செய்யவே கூடாது.

இனி சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் இரண்டாம் தடவை வால்காட் போனோம். மாட்டி, கம்பிகளைக் கழற்றி, ஒரே எடை. முன் ஆக்சில் 2,980, பின் ஆக்சில் 3,900. பிக்கப்பின் இரண்டு ஆக்சிலும் சேர்ந்து சுமப்பது 6,880. வரம்பு 6,800.

ஆட்டத்துக்கு மருந்து கொடுத்தோம், அது பிக்கப்பின் முதுகில் ஏறிவிட்டது. முன்பாரம் கூடியதால் பின் ஆக்சில் தன் வரம்பை 100 பவுண்டு தாண்டியது, மொத்தம் 80 தாண்டியது. கம்பிகளைப் பூட்டினால் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அடுத்துப் போகவிருந்த பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கான 800 மைல் பயணத்தை வரம்பின் விளிம்பில் ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. டிரெய்லரில் முன்பாரத்தைச் சரியாக வைக்கிற பலருக்கும் இது நேரலாம், அரை டன் பிக்கப் என்றால் இன்னும் சுலபமாக நேரும். முன்பாரத்துக்கு இடம் விட்டுத்தான் பின்தொட்டியை நிரப்ப வேண்டும்.

பின்தொட்டியில் எதை இறக்குவது என்பதில் யோசிக்கவே தேவை இருக்கவில்லை. விறகு 120 பவுண்டு, கரி ஒரு பை, வார்ப்பிரும்புச் சட்டி, எல்லாம் சேர்ந்து 160. விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது எப்படியும் தப்பு. சாம்பல் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு அயோவாவுக்குள் 2010லேயே வந்துவிட்டது, அது பரவுவதில் விறகுக்கட்டுக்கும் பங்கு உண்டு. முகாமுக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். மீதி இருந்த ஐஸ்பெட்டியும் கருவிப்பெட்டியும் கேபின் பின்சுவரை ஒட்டி, ஆக்சிலுக்கு முன்னால் போனது. ராட்செட் பட்டை போட்டு இறுக்கி, கையால் உலுக்கிப் பார்த்தோம். பெட்டி நகர்ந்தால் பாரமும் நகரும்.

மூன்றாம் தடவை, புறப்படும் நாள் காலை. மூன்று எடை. கம்பி பூட்டி ஒன்று, கழற்றி ஒன்று, பிக்கப் மட்டும் ஒன்று. பிக்கப் மட்டும் 6,060. கம்பி இல்லாமல் மாட்டியபோது பிக்கப் 6,720, டிரெய்லர் ஆக்சில்கள் 4,800. முன்பாரம் 660, டிரெய்லர் மொத்தம் 5,460, அதாவது 12 சதவீதம். கராஜில் செங்கல்லும் சட்டமும் சொன்ன 654க்கும் இதற்கும் 6 பவுண்டுதான் வித்தியாசம். மேடை 20 பவுண்டுப் படியில் காட்டுவதால் அதற்குள் இதை எதிர்பார்க்கலாம்.

கம்பி பூட்டியபோது கிடைத்தது இன்னொரு தகவல். டிரெய்லரை மாட்டியதும் முன் ஆக்சில் 3,280லிருந்து 2,980க்கு இறங்கியிருந்தது. கம்பி பூட்டியதும் 3,180க்கு ஏறியது. இழந்த 300ல் 200 திரும்பி வந்துவிட்டது. எங்கள் பிக்கப்பின் கையேடு பாதியாவது திரும்ப வேண்டும் என்கிறது. எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். விற்ற இடத்தில் டிரெய்லர் காலியாக இருந்தபோது கம்பிகளை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். சாமான் ஏற்றிய பிறகு அந்த அமைப்புப் போதவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி மேலே ஏற்றிப் பூட்டியதும்தான் இந்த எண் வந்தது. இது கண்ணுக்குத் தெரியாது. பிக்கப் மட்டமாகத்தான் நிற்கிறதே என்று பார்த்துவிட்டுப் போய்விடுவோம், மேடைதான் சொல்லும்.

இந்தச் சேவை சொல்லாதவையும் உண்டு. ஆக்சில் ஆக்சிலாகத்தான் எடை வரும், இடதுபக்கம் எவ்வளவு, வலதுபக்கம் எவ்வளவு என்று வராது. சமையலறையும் குளிர்பெட்டியும் ஒரே பக்கம் இருக்கும் டிரெய்லரில் அது முக்கியம். சக்கரம் சக்கரமாக எடை பார்க்க வேண்டுமென்றால், எஸ்கேப்பீஸ் என்ற ஆர்விக்காரர்கள் (கேம்பர் மாதிரி வீட்டுவண்டி வைத்திருப்பவர்கள்) சங்கத்தில் ஸ்மார்ட்வெய் என்று தனிச் சேவை இருக்கிறது, அது சில ஊர்களில்தான். முன்பாரத்தையும் சீட்டு நேரடியாகச் சொல்லாது, இரண்டு எடை போட்டு நாம்தான் கழிக்க வேண்டும். டயரைப் பற்றியும் சொல்லாது. எங்கள் டிரெய்லர் டயர் ஒவ்வொன்றும் 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்கும் என்று பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கிறது. நான்கும் சேர்ந்தால் 7,040, எங்கள் எடைக்குத் தாராளம். ஆனால் காற்று குறைந்தால் அந்த எண்ணும் குறையும். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது அளவு பார்க்கிறேன். வேகம் தனியாக அச்சிடாத டிரெய்லர் டயர் 65 மைலுக்குத்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. சவுத் டகோட்டாவில் ஐ-90ல் 80 மைல் வரை போகலாம் என்று பலகை சொல்கிறது. நாங்கள் 62ல் போனோம்.

பிளாக் ஹில்ஸ் போக, கவுன்சில் பிளஃப்ஸ் வரை ஐ-80, அங்கிருந்து ஐ-29ல் வடக்கே, சூ ஃபால்ஸிலிருந்து ஐ-90ல் மேற்கே. சேம்பர்லினில் மிசௌரி ஆற்றைத் தாண்டி மேடேறியதும் தெற்கிலிருந்து காற்று பிடித்தது. ஓரத்துப் புல்லெல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தது. பெரிய லாரி ஒன்று தாண்டியது. டிரெய்லர் ஒரு தடவை ஒதுங்கியது, திரும்பி வந்து நேராக நின்றது. நெம்பின் மேல் கையை வைத்திருந்தேன், அழுத்த வேண்டி வரவில்லை. பின்னால் பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பும்போது, நாங்கள் தங்கிய கஸ்டர் மாநிலப் பூங்காவை விட்டுக் கிளம்பியதும் முதல் வேலையாகக் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்தோம், எங்கள் டிரெய்லரில் அவையும் ஆக்சிலுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஆறு சீட்டையும் படம் பிடித்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பூங்காவில் சிக்னல் கிடைத்த ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

"பன்னெண்டு வருது. சரியா இருக்குது. ஆனா முன் ஆக்சில் 2,980 இருந்தது எப்படி 3,180 ஆச்சு? அதே பாரம்தானே, ஒண்ணும் மாத்தலையே?"

ஸ்பிரிங் கம்பியைப் பற்றிச் சொன்னேன். ஹிட்ச்சுக்கு அடியிலிருந்து பின்னே நீண்டு டிரெய்லர் சட்டத்தில் சங்கிலியால் மாட்டுவது, இறுக்கிப் பூட்டினால் பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்குவது, தூக்கினால் முன்பக்கம் அமுங்குவது என்று இருபது நிமிடம் விளக்கினேன். நடுவில் இரண்டு தடவை சிக்னல் போய் வந்தது.

"அப்ப அந்தக் கம்பி நுகத்தடிக்கு முட்டுக் குடுக்குது" என்றார்.

"ஆமாங்கப்பா."

"அந்தக் கண்ணி தளராம இருக்குதான்னு டீ குடிக்க நிறுத்துற எடத்துல எல்லாம் பாரு."